இசக்கிசெல்வியின் நான்கு பெட்டிகள்

இசக்கிசெல்விக்கு நான் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. நான்கு பெட்டிகளின் விலையும் அவற்றை மாட்டிய கூலியும் சேர்த்து. தொகையில் எங்களுக்குள் தகராறு கிடையாது. எப்போது தருவது என்பதில்தான் இழுபறி.

கையில் இல்லாமல் இழுத்தவன் இல்லை நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன், புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டை சுமந்து, அதே மார்க்கெட்டில் சொந்த மண்டி போட்டேன். இன்றைக்குச் சங்கரன்கோவிலில் பூ ஏலக்கடை, வாசுதேவநல்லூரில் உரக்கடை, திருவேங்கடத்தில் பஞ்சும் வத்தலும் வாங்கி இருப்பு வைக்கிற கிட்டங்கி, எல்லாவற்றிலும் துரைப்பாண்டி என்ற பெயர்தான் போர்டில் தொங்குகிறது. யாரும் தூக்கிவிட்டு ஏறியவன் இல்லை. ஒரு பொருள் தாங்குமா தாங்காதா என்று பார்க்காமல் துட்டை எடுத்து நீட்டியிருந்தால் இன்னும் மூட்டைதான் சுமந்துகொண்டிருப்பேன். அதனால் இழுத்தேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி.

இசக்கிசெல்வியின் அப்பா இந்தச் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர். வீட்டுக்கு இடப்பக்கம் தறி, வலப்பக்கம் தறி. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால் அவளுக்கு மெல்லப் பேச வராது. ரகசியம் சொன்னால்கூட எதிர்ச் சாரியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். பாலிடெக்னிக் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். அங்கே வேலை என்னவென்றால், ஒரு பேங்கின் கிளைகள் எந்தெந்த ஊரில் இருக்கிறதோ அத்தனை ஊரின் நெட் லைனையும் ஒரு திரையில் பார்த்துக்கொண்டே இருப்பது. ஏதாவது ஓர் ஊர் சிவப்பானால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். உடனே சரி செய்யவேண்டும்.

"பேரே வாயில நுழையாத ஊருக்கெல்லாம் லைன் பாத்துக் குடுத்தேன் அண்ணாச்சி. எங்க அம்மைக்கு வீடியோ கால் போட்டா மட்டும் மூஞ்சி கட்டம் கட்டமா வரும். என்ன எளவுக்கு இந்தச் சோலின்னு ஆயிட்டு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டு வந்து கழுகுமலை ரோட்டில் மாடியில் ஓர் அறை பிடித்து போர்டு மாட்டினாள். நெட்வொர்க் வேலை என்று போர்டு சொன்னது. வந்தவர்கள் எல்லாம் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேமரா தெரியவில்லை என்றார்கள். ஒருவர் மிக்சியைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் பார்த்துக் கொடுத்தாள். வாடகை கொடுக்கவேண்டுமே. பெங்களூர் கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது கூப்பிட்டு, இடம் காலியாகத்தான் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மாவும், போயேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வயதுப் பெண் ஸ்கூட்டரில் வயர் சுருளை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவது எந்தத் தாய்க்குத்தான் பிடிக்கும்.

என் பூக்கடைக்கு அவள் வந்தது கேமரா பார்க்கத்தான். வந்த நேரம் நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

ஏன் கத்தினேன் என்று சொல்லவேண்டும். என் வியாபாரத்தில் ஒரு முறை வைத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் நான் மேலே வந்தேன். ஒரு விவசாயிக்கு என்னிடம் ஒரே கணக்கு. சங்கரன்கோவிலில் மல்லி போடுகிறவர் வாசுதேவநல்லூரில் உரம் எடுக்கலாம். புளியங்குடியில் எலுமிச்சை போடுகிறவர் இங்கே வந்து துட்டு வாங்கலாம். எந்தக் கடையில் நின்றாலும் நான் அவருக்கு எவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். கணக்கு இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் சென்னையில் வாடகைக்கு ஓடுகிறது. நான்கு கடையும் நெட் வழியாக அதைக் கேட்டுத்தான் சிட்டை, அதாவது கணக்குச் சீட்டு, போடவேண்டும். லைன் இருக்கிற வரை நான் ராஜா. லைன் போனால் என் நான்கு கடையும் நான்கு தனித்தனிப் பெட்டிக்கடை.

அன்றைக்கு வாசுதேவநல்லூரில் லைன் செத்திருந்தது. உரக்கடைப் பையன்கள் என்ன செய்தார்கள் என்றால், என் கணக்கில் துட்டு ஒன்றும் மிச்சமில்லாத ஒருவருக்கு யூரியாவைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருபது வருடமாக எனக்கு மல்லி போடுகிற வீரபாண்டியை, லைன் வரட்டும் என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுஷன் பஸ் ஏறி நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"என் துட்டு ஒம்மகிட்ட கிடக்கு. உரத்துக்கு நான் ஒம்ம பயலுவகிட்ட கை கட்டி நிக்கணுமாவே?"

"லைன் இல்லவே. நான் என்ன செய்ய?"

"பூ கொண்டாரும்போது லைன் இல்லன்னு நான் சொன்னேனா?"

அந்தக் கடுப்பில்தான் போனில் உரக்கடைப் பையன்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்று கேமராவைத் திருகிக்கொண்டிருந்த இசக்கிசெல்வி, யாரும் கேட்காமலே மேலிருந்து பேசினாள்.

"கடைக்கு ஒரே ஒரு லைன வச்சு நாலு கடை ஓட்டுதீங்களே அண்ணாச்சி. அவன்கள ஏசி என்ன செய்ய?"

"தனிக் கம்பி இழுக்க ஒரு கம்பெனிக்காரன்கிட்ட கேட்டாச்சு. அவன் மாசத்துக்குச் சொன்ன வாடகைக்கு இன்னொரு கடையே வச்சிரலாம். அதுவும் அறுந்தா அறுந்ததுதான்."

அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து சொல்ல ஆரம்பித்தாள். இப்போதெல்லாம் பெரிய கம்பெனிகள் எஸ்டி-வான் என்று ஒன்று வைக்கிறார்கள் என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது ஒன்றும் எனக்கு ஏறவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு பிள்ளே என்றேன். கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"ரோட்ல நெருக்கடி. மல்லி வண்டியும் நிக்கு, பஞ்சு வண்டியும் நிக்கு. எத மொதல்ல விடுவீங்க?"

"மல்லியத்தான். வாடிப் போகும்லா."

"ஒங்க சிட்டை மல்லி. கேமரா படம் பஞ்சு. இப்போ ரெண்டும் ஒரே ரோட்ல முட்டிக்கிட்டு நிக்கு. நான் சொல்லுத பெட்டி ரெண்டையும் அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்கும். சிட்டைய நல்ல ரோட்ல மொதல்ல அனுப்பும். பஞ்ச மத்த ரோட்ல மெல்லப் போகச் சொல்லும்."

"ரோடு ஒண்ணுதானே இருக்கு?"

"மலிவா ரெண்டு சாதா லைன் போடுங்க. கூட ஒரு சிம் கார்டு. மூணையும் பெட்டி ஒண்ணாச் சேத்துக்கிடும். ஒண்ணு செத்தா இன்னொண்ணுல போகும். சிட்டை போடுதவனுக்கு லைன் செத்ததே தெரியாது. எந்தப் பெட்டிக்கு என்ன சொல்லணும்னாலும் நான் என் ரூம்ல இருந்தே சொல்லிருவேன். வாசுதேவநல்லூருக்கு ஸ்கூட்டர்ல ஓட வேண்டாம்."

"நடுவுல எவனாவது என் கணக்க எட்டிப் பாத்தா?"

"பூட்டித்தான் அனுப்பும். எட்டிப் பாத்தவனுக்குக் குப்பைதான் தெரியும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு சாதா லைன், ஒரு சிம், எல்லாம் சேர்த்து மாத வாடகை அந்தத் தனிக் கம்பியின் வாடகையில் கால்வாசி வரவில்லை. பெட்டிகளுக்கு மட்டும் ஒருமுறை செலவு. சரி என்றேன். ஆனால் ஒன்று சொன்னேன்.

"துட்டு இப்பத் தர மாட்டேன். ஆடித்தபசு வரட்டும். அன்னைக்குத் தாங்கிட்டா முழுசாத் தாரேன்."

காரணம் இருந்தது. கோவில் திருவிழாவான தபசு அன்றைக்கு இந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அத்தனை பேர் கையிலும் போன். யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அன்றைக்குத்தான் பூவும் வருடத்திலேயே உச்ச விலைக்குப் போகும். அந்த ஒருநாள் தாங்குகிற பொருள் மற்ற நாளெல்லாம் தாங்கும். இது என் புத்தி. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

அவள் முகம் சுருங்கியது. பெட்டிகளை அவள் மதுரையில் முகம்மது ஹுசைன் என்ற வியாபாரியிடம் கடனுக்குத்தான் எடுக்கவேண்டும். மற்றவர்களுக்கு அவர் கடன் கொடுப்பதே இல்லை. ஊரில் முதல் பெரிய வேலை என்பதால் இவளுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். இருந்தாலும் ஒத்துக்கொண்டாள். சித்திரையில் நான்கு கடையிலும் பெட்டி ஏறியது.

உள்ளதைச் சொல்லவேண்டும். வைகாசியும் ஆனியும் எனக்கு ஒரு நாள்கூடத் தொந்தரவு இல்லை. ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, புளியங்குடில ஒரு லைன் காலைல இருந்து செத்துக் கிடக்கு. ரோட்டு வேலைக்காரன் அறுத்திருப்பான். கம்பெனிக்குச் சொல்லியாச்சு."

"சிட்டை ஓடிக்கிட்டுல்லா இருக்கு? இப்பத்தானே மண்டிக்காரன் பேசுனான்."

"ஓடும். அதுக்குத்தான் பெட்டி. துட்டு எப்பம் தாரீங்க?"

"தபசு."

"ஹுசைன் பாய் தினம் கூப்பிடுதாரு அண்ணாச்சி."

"தபசுன்னு சொன்னேம்லா."

வாரம் ஒருமுறை வந்து கேட்பாள். வந்தால் உட்கார மாட்டாள். நாற்காலி போட்டாலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசுவாள். போன் அடித்தால் எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போடுவாள். மதுரை நம்பர் என்று எனக்கும் தெரியும். ஹுசைன் பாய் கடைசியாகச் சொல்லிவிட்டாராம்: தபசுக்கு மறுநாள் துட்டு வரவில்லை என்றால் நான்கு பெட்டியையும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிடு, இனிமேல் ஒரு திருகாணிகூடக் கடனுக்குக் கிடையாது என்று. அப்படி ஆனால் அறையைக் காலி செய்துவிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறவேண்டியதுதான். இதையும் அவளே என்னிடம் சொன்னாள், பயமுறுத்துகிற மாதிரி. நான் பயந்தவன் இல்லை.

இதற்கு நடுவில் என் தங்கை கோமதியம்மாள் பேத்திக்குக் காது குத்து வைத்தாள். தங்கை மகன் பாண்டியராஜ் ஊரில் கேபிள் தொழில் செய்கிறான். அந்த வருடம்தான் நெட் லைனும் கொடுக்க ஆரம்பித்திருந்தான். பிறந்த வீட்டுச் சீரோடு நான் போய் உட்கார்ந்திருக்கிறேன், பந்தியில் இலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு தங்கை ஆரம்பித்தாள்.

"ஊர் பூரா எம் மவன் லைன் குடுக்கான். சொந்த மாமன் கடைல மட்டும் எவனோ கம்பெனிக்காரன் கம்பி தொங்குது. பாக்கவன் என்ன நெனைப்பான் அண்ணே? மாமனே வாங்கல, அப்போ அவன் லைன்ல என்னமோ கோளாறுன்னுதானே நெனைப்பான்?"

பந்தியில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சோறு இறங்குமா. மறுநாளே பாண்டியராஜ் வந்துவிட்டான்.

"ஒங்களுக்கு ரெண்டு லைன் வேணும்னு கேள்விப்பட்டேன் மாமா. ரெண்டும் நானே தாரேன். ரெண்டு வேற வேற கம்பெனி. ரெண்டு பில்லு வரும்."

பூக்கடையில் இருந்த இரண்டு பழைய லைனையும் எடுக்கச் சொல்லிவிட்டு அவனிடமே இரண்டையும் வாங்கினேன். ஒன்றை மட்டும் வாங்கியிருந்தால், மற்றதை ஏன் வெளியே விட்டாய் என்று தங்கை அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைத்திருப்பாள். சொந்தக்காரனை விட்டுவிட்டு இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

இசக்கிசெல்வியின் திரையில் லைன் மாறியது உடனே தெரிந்துவிட்டது. போனில் கேட்டாள்.

"ரெண்டு லைனும் மாறியிருக்கே அண்ணாச்சி?"

"நீ சொன்னபடிதான். ரெண்டு கம்பெனி."

"ரெண்டும் எந்த வழியா உள்ள வருது?"

"அதெல்லாம் எம் மருமகன் பாத்துக்கிடுவான்."

"தென்காசில ஒரு வேலையா நிக்கேன். வந்து பாக்கேன்" என்றாள். அவள் திரும்பி வந்து கடையைப் பார்க்குமுன் தபசு வந்துவிட்டது.

அன்றைக்கு விடியும் முன்பே மார்க்கெட் நெரிந்தது. மல்லியும் பிச்சியும் நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே போயின. ஏலம் முடிந்தது, வியாபாரிகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விவசாயிகள் சிட்டைக்கு வரிசை கட்டினார்கள். எல்லோருக்கும் அவசரம். துட்டை வாங்கினால்தான் பிள்ளைகளுக்கு வளையல், பலூன், அப்புறம் கோவில், சாயங்காலம் சாமி தருகிற காட்சி, அங்கே சூறையாக அள்ளி வீச மடியில் கட்டிக்கொண்டு வந்த பருத்தியும் வத்தலும். கம்ப்யூட்டரில் இரண்டு சிட்டை வந்தது. மூன்றாவது வரவில்லை.

கம்ப்யூட்டர் பையன் தட்டிக்கொண்டே இருந்தான். திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே நின்றது. நான் எழுந்து அவன் முதுகுப்பக்கம் போய் நின்றேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வெளியே ஒலிபெருக்கி, மேளம், சர்பத் விற்கிறவன் மணி. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள்.

முன்னால் நின்றவர் வீரபாண்டி.

"பழையபடி பேப்பர்ல எழுதித் தாரும்வே. போறோம்."

"உரத்துல ஒமக்கு எவ்வளவு கழிக்கணும்னு எனக்குத் தெரியணும்லாவே. எல்லாம் அதுக்குள்ளல்லா கிடக்கு."

"சுவத்துல ஒரு பெட்டி மாட்டியிருக்கேன், இனி லைன் போகாதுன்னு ஊர் பூராச் சொன்னீரே. அந்தப் பெட்டிக்கும் இன்னைக்குத் தபசா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. இசக்கிசெல்விக்குப் போன் போட்டேன். போகவில்லை. மருமகனுக்குப் போட்டேன். போகவில்லை. யாருக்கும் போகவில்லை. புளியங்குடிக்கும் வாசுதேவநல்லூருக்கும் என்ன ஆனதோ என்று அது வேறு பதைப்பு. ஆளை அனுப்பலாம் என்றால் கூட்டத்தில் எவன் நகர்வது. நானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. ஆளைக் காணவில்லை, குரல்தான் முதலில் வந்தது, வழி விடுங்க, வழி விடுங்க என்று.

ஸ்கூட்டரை எங்கேயோ போட்டுவிட்டு நடந்தே வந்திருந்தாள். தோளில் வயர் சுருள். முகமெல்லாம் வேர்வை.

"யார் சொல்லி வந்தே?" என்றேன்.

"ஒங்க கடை என் ஸ்க்ரீன்ல செவந்துட்டு. மத்த மூணும் பச்சையா ஓடுது. இங்கன மட்டும் ரெண்டு லைனும் ஒரே நேரத்துல செத்துருக்கு."

"ஒம் பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போ. தாங்கும் தாங்கும்னு சொன்னே. நாளும் கிழமையுமா என் மானத்த வாங்கிட்டே. துட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அத்தனை பேர் முன்னால் அப்படித்தான் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டிக்கு அருகில் போனாள். போனை எடுத்து ஏதோ செய்தாள். கேமராவை எல்லாம் நிறுத்திட்டேன், சிம் கார்டுல சிட்டை மட்டும் போகட்டும் என்றாள். ஒரு சிட்டை மெல்ல மெல்ல வந்தது. அதோடு வளையம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. டவரில் இடமே இல்லை. சூறைக்கு வந்த கூட்டம் அத்தனையும் அந்த டவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியின் பின்னால் போன இரண்டு வயரையும் விரலால் தடவிக்கொண்டே சுவர் வரை போனாள். இரண்டும் ஒரே ஓட்டை வழியாக வெளியே போயின. வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். நானும் பின்னாலேயே போனேன், சும்மா இருக்க முடியவில்லை. ஓட்டையிலிருந்து தடியான ஒரே கம்பியாகக் கம்பத்துக்குப் போனது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் கம்பியைக் காணோம். பந்தலுக்கு மூங்கில் ஏற்றிவந்த லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நுனி தரையில் கிடந்தது. ஜனங்கள் மிதித்துக்கொண்டு போனார்கள்.

"கம்பெனி ரெண்டு அண்ணாச்சி. கம்பி ஒண்ணு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து பாண்டியராஜ் நெற்றி நிறைய விபூதியோடு கூட்டத்திலிருந்து வந்தான். கம்பியைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ரெண்டும் வேற வேற கம்பெனிதான் மாமா. சத்தியமா."

"ஏலே, கம்பம் ஒண்ணுல்லாலே."

"எனக்கு இருக்கதே இந்தத் தெருவுல அந்த ஒரு கம்பந்தான் மாமா. இந்தக் கூட்டத்துல ஏணி எங்க போட? ராத்திரிதான் இழுக்க முடியும்."

ராத்திரி வரை வரிசை நிற்குமா. ஏற்கெனவே பின்னாலிருந்து, அடுத்த வருஷம் வேற கடைக்குப் பூவக் கொண்டு போவோம்லே என்று ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

இசக்கிசெல்வி எதிர்ச் சாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேர் எதிரில் ஹஸ்னா பானுவின் ஜவுளிக்கடை. பானு தனியாளாக அந்தக் கடையை நடத்துகிறாள், வாய் கொஞ்சம் நீளம். அவள் கடைக்கு லைன் பின்தெரு வழியாக வருகிறது. என் கடையிலிருந்து எடுக்கச் சொன்னேனே, அதே கம்பெனி லைன்.

"பானு அக்கா" என்று கத்தினாள் பாருங்கள், மேளக்காரன் அடியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "ஒங்க நெட்ல இருந்து ஒரு வயர் இழுத்துக்கிடட்டுமா?"

பானு கல்லாவிலிருந்து எழுந்து படிக்கு வந்தாள்.

"யாருக்கு?"

"அண்ணாச்சி கடைக்கு."

"அப்போ அவரு கேக்கட்டும். என் கடை வாசல்ல தெனம் பூக்கூடைய எறக்கி வைக்காவ, அதுக்கு ஒருநாளாவது கேட்டாரா?"

நான் யாரிடமும் கேட்டுப் பழகியவன் இல்லை. வரிசை என்னைப் பார்த்தது. வீரபாண்டி தொண்டையைச் செருமினார். ரோட்டைக் கடந்து அவள் கடைப் படிக்குக் கீழே போய் நின்றேன்.

"ஒரு வயர் விடு தாயி. கூடைய இனிமே அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. இப்போ வயர விடச் சொல்லுங்க."

தெருவுக்குக் குறுக்கே தோரணக் கயிறு கட்டியிருந்தது. பாண்டியராஜ் பானு கடை மாடியில் ஏறி, அந்தக் கயிற்றோடு சேர்த்து வயரைக் கட்டிக் கட்டி விட்டான். மாவிலைக்கும் காகிதக் கொடிக்கும் நடுவில் நீல வயர் ஒன்று ஆடிக்கொண்டே என் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழே கூட்டம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். புது லைன் என்றால் ஆள் வரவேண்டும், எழுதிப்போட வேண்டும், நம்பர் போடவேண்டும், எத்தனை பாடு என்று எனக்குத் தெரியும்.

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"மாட்டுனாப் போதும் அண்ணாச்சி. எந்தக் கம்பெனி லைனுன்னு இது கேக்காது. வழி இருக்கான்னுதான் பாக்கும்."

மாட்டினாள். பெட்டியில் ஒரு விளக்கு மினுக்கிவிட்டு நின்று எரிந்தது. கம்ப்யூட்டர் பையன் தட்டினான். சிட்டை வந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. பிரிண்டர் சத்தம் கேட்டதும் வரிசையில் சலசலப்பு அடங்கியது. பானு கடையில் அவளுடைய பில்லும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இசக்கிசெல்வி போனைப் பார்த்துச் சொன்னாள். சிட்டைக்கு எத்தனை எழுத்து, அது எவ்வளவு இடத்தைப் பிடித்துவிடும்.

நான் கல்லாவில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். வீரபாண்டிக்கு, அவருக்குப் பின்னால் இருந்தவருக்கு, அவருக்குப் பின்னால். தலை நிமிராமல் எண்ணிக்கொண்டே போனேன். மதியம் சாயும்போது ஒரு கை நீண்டது. சிட்டை இல்லை அந்தக் கையில். வயர் உரித்த கறுப்பு விரல் நுனிகளில். நிமிர்ந்தேன். வரிசையில் கடைசி ஆளாக இசக்கிசெல்வி நின்றாள். துட்டு வாங்கியவர்களில் பத்துப் பதினைந்து பேர் போகாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டியும்தான்.

"நீ எதுக்கு வரிசைல?" என்றேன்.

"சரக்கு போட்டவங்களுக்குத் துட்டு குடுக்கீங்க. நானும் போட்டிருக்கேன்."

"சாயங்காலம் காட்சி முடியட்டும். நாளைக்கு வா."

"நாளைக்கு நான் வந்தா ஸ்குரூ டிரைவரோடதான் வருவேன் அண்ணாச்சி. ஹுசைன் பாய் காலைல வண்டி அனுப்புதாராம். நாலு பெட்டியையும் கழட்டி ஏத்திட்டு அப்படியே நானும் பெங்களூர் போறேன். அங்கன எனக்கு நாற்காலி காலியாத்தான் கிடக்கு. பெறவு ஒங்க லைன் செவந்தா பாக்க யாரும் இருக்க மாட்டாவ."

"இன்னைக்கு நின்னுச்சுல்லா? நின்னதுக்குப் பத்தாயிரத்தக் கழிச்சுக்கிடுதேன்."

பேரம் பேசாமல் துட்டுக் கொடுத்தால் எனக்குக் கை கூசும்.

"பெட்டி நிக்கல. நீங்க கம்பிய மாத்துனீங்க. எந்த வழியா வருதுன்னு நான் கேட்டேன், மருமகன் பாத்துக்கிடுவான்னு சொன்னீங்க."

பாண்டியராஜ் வாசலில் நின்றவன் மெல்ல நகர்ந்து கம்பத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

"இந்தா வீரபாண்டி அண்ணாச்சி மல்லி இன்னைக்குக் காலைல வந்துச்சு, இன்னைக்கே எண்ணிக் குடுத்துட்டீங்க" என்றாள். அவள் மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினாள், எதிர்ச் சாரியில் பானு தலையைத் தூக்கினாள். "என் பெட்டி சித்திரைல வந்துச்சு. இன்னும் எத்தன நாளைக்கு அண்ணாச்சி நான் நிக்க?"

"பிள்ளைக்குக் குடும்வே" என்றார் வீரபாண்டி. "குடுத்தா ஒம்ம துட்டு என்ன வாடியா போகும்?"

அவர் சொல்லித்தான் கொடுத்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். தாங்கிவிட்டால் முழுசாகத் தருகிறேன் என்று என் வாயால் சொல்லியிருந்தேன். மூன்று கடையில் ஒரு சிட்டை தவறவில்லை. நாலாவது கடையில் என் தங்கையின் வாயும் மூங்கில் லாரியும் செய்த வேலைக்குப் பெட்டி என்ன செய்யும். வேறு ஒருவன் என்றால் இதைச் சொல்லி இன்னும் ஒரு வருடம் இழுத்திருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பது இந்த வட்டாரத்துக்கே தெரியும்.

கல்லாவின் உள்தட்டைத் திறந்தேன். ஐந்நூறு ரூபாய்க் கட்டு மூன்றை எடுத்தேன். கட்டாகக் கொடுப்பது என் வழக்கம் இல்லை. ரப்பர் வளையத்தை உருவி, விரலை நாக்கில் தொட்டு, அவள் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கட்டையும் எண்ணி மேஜைமேல் அடுக்கினேன். வெளியே கோவில் பக்கம் வெடி போட்டார்கள், யாரும் திரும்பவில்லை. அவள் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டு உதடு அசைய கூடவே எண்ணினாள். மூன்றாவது கட்டும் முடிந்தது. அடுக்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கையை மூடவில்லை. மீதிப் பத்தாயிரத்தை, கழிக்கிறேன் என்று சொன்ன அதே பத்தாயிரத்தை, தாள் தாளாக அதன்மேல் எண்ணிப் போட்டேன். விரித்த கை விரித்தபடியே இருந்தது, கடைசித் தாள் விழும் வரை.